ஆனைமுதுகுப் பாறைக்கு ஒரு சைக்கிள்

ஜனவரி 6, திங்கள்

காலை ஆறு மணிக்கு ஒன்பது டிகிரி. மழை இல்லை. தேயிலைக்கு மேல் வெள்ளை மூட்டம்.

எஸ்டேட் ஆபீஸில் இருபத்தாறு வருடம் மழையும் குளிரும் அளந்து எழுதிய கை இது. ஓய்வு பெற்ற பிறகும் முதலில் இந்த வரியை எழுதினால்தான் எனக்கு நாள் தொடங்குகிறது. கையெழுத்து முன்பைவிடப் பொடியாகிவிட்டது. நல்லதுதான், ஒரு டைரி இரண்டு வருடத்துக்கு வரும்.

இன்று சமையலறை வாசலில் நின்றுவிட்டேன். அப்படி எழுதினால் நானாக நின்ற மாதிரி இருக்கிறது. கால்கள் நின்றன. உள்ளங்காலில் யாரோ பசை தடவிவிட்டதுபோல் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. எட்டடி தூரத்தில் பால் பொங்குகிறது, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பால் வழிந்து, அடுப்பு அணைந்து, காஸ் வாசனை வந்த பிறகுதான் இவர் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தார்.

“கூப்பிட்டிருக்கலாமில்ல ஜெகதா?”

“கூப்பிட்டா பால் நின்னிருக்குமாக்கும்?”

கோபம் அவர்மேல் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

டீ ஃபேக்டரியில் முப்பது வருடம் மிஷின் ஃபோர்மேனாக இருந்தவர் என் வீட்டுக்காரர் சதானந்தம். எது நின்றுபோனாலும் ஓட வைத்துவிடலாம் என்று நம்புகிற ரகம். மதியம் ஒயரிங் வேலைக்கு வைத்திருந்த மஞ்சள் டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஓரடிக்கு ஒரு கோடு. கோட்டைக் கண்டால் தாண்டத் தோன்றும், கால் எழும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீடு பஸ் டிப்போ மாதிரி ஆகிவிட்டது. கோடு வேலை செய்கிறது என்பதையும் நியாயமாக எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 9, வியாழன்

கோயம்புத்தூர். வெயில். அங்கே அளப்பதற்கு எனக்கு விருப்பமில்லை.

டாக்டர் மாத்திரையில் அரை கூட்டினார். நோயின் பெயர் பார்க்கின்சன். ஒரு முறை எழுதிவிட்டேன், இனி எழுத மாட்டேன்.

பயிற்சி அறையில் சுவரோரமாக ஒரு நகராத சைக்கிள் இருந்தது. என் முறை வரும்வரை உட்கார நாற்காலி இல்லாததால் அதில் ஏறி உட்கார்ந்தேன். சும்மா காலை வைத்தேன். மிதித்தேன். இடது, வலது, இடது, வலது. எங்கும் ஒட்டவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கால்கள் என்னுடையவையாக இருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது. மிதிக்க மிதிக்க அது பின்னால் போவதுபோல் தோன்றியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

டாக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். “இது நெறைய பேருக்கு இருக்கும்மா. நடக்கறதுக்குத்தான் மூளை தயங்கும். பெடல் சுத்தறப்ப அதுவே அடுத்த காலைக் கூப்பிட்டுக்கும்.”

“நெஜ சைக்கிள் ஓட்டலாங்களா?”

“வண்டி நடமாட்டம் இல்லாத எடமா இருந்தா, மெதுவா, ஹெல்மெட் போட்டுட்டு. ஓட்டறப்ப பிரச்சினை வராது. எறங்கறப்பதான்.”

கடைசி வார்த்தையை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டேன். எழுதிவைக்கிறேன்.

திரும்பும் வழியில் மகள் பிருந்தா எங்களை ஓர் அடுக்குமாடிக்கு அழைத்துப் போனாள். தரைத்தளம். வாசற்படி கிடையாது, குளியலறையில் பிடித்துக்கொள்ள எஃகுக் கம்பி, கீழேயே மருந்துக்கடை. எல்லாம் சரியாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். “மார்ச்சுக்குள்ள கீழ வந்துருங்கம்மா” என்றாள். இவர் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 10, வெள்ளி

பத்து டிகிரி. கனவில் எனக்குக் கால் இல்லை, இரண்டு சக்கரம் இருந்தது. வருத்தமே இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எட்டு டிகிரி. வாசலில் புல் நுனியெல்லாம் வெள்ளை.

பிருந்தா மேலே வந்திருந்தாள். பொங்கல் இறக்கிச் சாப்பிட்டு முடித்ததும் பேச்சு அங்கேதான் போகும் என்று தெரியும், போயிற்று.

“இந்த மேட்டுல உங்களுக்கு ஒண்ணுன்னா ஆம்புலன்ஸ் வரவே ஒரு மணி நேரம் ஆகும். அப்பாவும் எத்தன நாளைக்குத் தாங்குவாரு?”

“எனக்கு ஒரு கரண்டு சைக்கிள் வேணும்” என்றேன்.

மகள் சிரித்தாள். இவரும் சிரிக்கப் போனார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை வாய்க்கால் கரையில் தினமும் ஆறு மைல் சைக்கிள் மிதித்தவள். இவர் மலையில் பிறந்தவர். இங்கே பாதிப்பேருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஏறும்போது தள்ளவும் இறங்கும்போது உயிரைக் கையில் பிடிக்கவும் எதற்கு அது என்பார்கள். இவர் காரைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை.

வாக்குவாதம் வளர்ந்தது. பிருந்தா என்னைப் போலவே பிடிவாதக்காரி. அவளுக்கு அது வேறு எங்கிருந்து வரும்? கடைசியில் நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மார்ச் பத்துக்குள் ஆனைமுதுகுப் பாறைவரை தனியாகப் போய்த் திரும்பி வருகிறேன் என்றேன். நம் கேட்டிலிருந்து நாலு கிலோமீட்டர், எஸ்டேட் ஜீப் ரோடு, முக்கால்வாசி ஏற்றம், கல்லும் குழியும். போய் வந்துவிட்டால் இந்த வீடு, இந்த மலை, பேச்சு முடிந்தது.

“விழுந்தாலோ, யாராவது வந்து உங்களப் புடிச்சுத் தூக்க வேண்டியிருந்தாலோ?” என்றாள் பிருந்தா.

“அன்னைக்கே மூட்டை கட்டறேன்.”

“அப்பா, நீங்க சாட்சி. யாரும் தொடக் கூடாது.”

இவர் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஜனவரி 18, சனி

மறுபடியும் கோயம்புத்தூர். சைக்கிள் கடை.

கடைக்காரர் பெயர் இம்தியாஸ், நாற்பது வயது இருக்கும். கடைக்குள் நுழைந்ததும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. அத்தனை நிறம். மீன் தொட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. நான் பார்த்ததெல்லாம் பச்சையா நீலமா என்றுதான். இவர் பார்த்தது மோட்டார்.

“மோட்டார் சக்கரத்துலயா, பெடல்லயா?”

“ரெண்டும் இருக்குதுங்க சார். பின்சக்கரத்துல இருக்கறது எளிமை. பெடல்கிட்ட இருக்கறது கியரோட சேந்து இழுக்கும், ஏத்தத்துக்கு நல்லது.”

“மோட்டாரோட காயில் சூடாகுமா? மழைத் தண்ணி போனா?”

கேள்வி அரை மணி நேரம் போயிற்று. இம்தியாஸ் கடைசியில், “சார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன்” என்றார். இவர் முழங்கால் வலிக்கிறது என்றார். காலையில் காரிலிருந்து குதித்து இறங்கின முழங்கால் அது.

கடைக்குப் பின்னால் இருந்த தார்ச் சந்தில் நான்தான் ஓட்டினேன். முதல் வண்டி உயரம், காலைத் தூக்கிப் போட முடியவில்லை. இரண்டாவது சரி. மூன்றாவதில் வலது கைப்பிடியை முறுக்கினால் போதும், மிதிக்கவே வேண்டாம், ஸ்கூட்டர் மாதிரி தானாகப் போகும். இவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதான். நீ காலையே அசைக்க வேண்டாம் ஜெகதா. ராணி மாதிரி உக்காந்துட்டுப் போ.”

எனக்குக் கால்களை அசைக்கத்தான் ஆசை. ஆனால் அத்தனை நாளைக்குப் பிறகு அவர் சிரித்த முகத்தைப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டேன். நிறம் சாம்பல்.

ஜனவரி 23, வியாழன்

பதினொரு டிகிரி. வண்டி வந்து சேர்ந்தது. இருபத்தேழு கிலோ. கூடத்தில் நிறுத்தியிருக்கிறோம். சார்ஜ் ஏறும்போது ஒரு பச்சைப் புள்ளி மினுக்குகிறது. பகலெல்லாம் போகும்போதும் வரும்போதும் அதன் சீட்டைத் தட்டிக்கொடுத்தேன்.

ஜனவரி 25, சனி

பன்னிரண்டு டிகிரி, காற்று.

விழுந்தேன்.

கேட்டுக்கு வெளியே முதல் ஏற்றம். கைப்பிடியை முறுக்கினேன். கை எப்போதும்போல் தன் ஆட்டத்தை ஆடியது. கை ஆட வண்டி துள்ளியது, வண்டி துள்ளியதில் கை இன்னும் முறுக்கியது. கால்கள் இரண்டும் வேலையில்லாமல் பெடல்மேல் கிடந்தன. கிடந்தவை ஒட்டிக்கொண்டன. நேராகத் தேயிலைக்குள். செடி தாங்கிக்கொண்டது. முழங்கையில் கீறல், கன்னத்தில் ஒரு கோடு, வேறொன்றுமில்லை.

இவர் என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு அந்த வண்டியைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். முப்பது வருட சர்வீசில் எந்த மிஷினையும் அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

“தப்பு என்னோடது. உனக்குச் சிரமம் வேண்டாம்னு பாத்தேன்” என்றார்.

“எனக்குச் சிரமந்தாங்க வேணும்” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது. எல்லோரும் என் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறார்கள். கரண்டியை, துடைப்பத்தை, தண்ணீர்க் குடத்தை. மிதிப்பதையும் வாங்கிக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

இது பயிற்சிதான், கணக்கில் சேராது என்று பேசி முடித்தோம். பிருந்தாவிடம் இவர் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாத மனிதர். அவள் போனில் நிறைய நேரம் அழுதாள்.

ஜனவரி 28, செவ்வாய்

ஒன்பது டிகிரி. வண்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்க ஒரு பிக்கப் வேனில் ஏற்றி இவரே கீழே கொண்டுபோனார். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கூடத்தில் அது நின்ற இடம் பெரிதாகத் தெரிகிறது.

ஜனவரி 29, புதன்

நடக்கவே இல்லை இன்று. எழுதவும் பிடிக்கவில்லை. அளவு மட்டும்: பத்து.

பிப்ரவரி 8, சனி

ஏழு டிகிரி. நீலமான வானம்.

இம்தியாஸ் தன் வேனில் இரண்டு சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டார். “அன்னைக்கு சார் என்கிட்ட வந்து என்ன கேட்டாருங்க தெரியுங்களா? ‘மிதிச்சா மட்டும் ஓடற வண்டி வேணும், மிதிக்காட்டி நகரக்கூடாது’ன்னாரு. இருவது வருசத்துல யாரும் அப்படிக் கேட்டதில்லீங்கம்மா. சமதரையில பாத்து மலைக்கு வண்டி குடுத்தது என்னோட தப்பு. இந்த மேட்டுலயே பாத்து எடுங்க.”

இரண்டிலும் கைமுறுக்கு இல்லை. இரண்டுக்கும் நடுத்தண்டு தாழ்வு, சேலைக்காரியும் ஏறலாம். அகல டயர், டிஸ்க் பிரேக், பெடல் பக்கத்தில் மோட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அக்கா தங்கை மாதிரி.

முதலில் செம்பு நிறத்தை எடுத்தேன். மிதித்தேன், ஒன்றும் இல்லை. அரைச் சுற்று கழித்துத்தான் மோட்டார் விழித்துக்கொண்டு முதுகில் தள்ளியது. நிறுத்தினேன், அது நிறுத்தவில்லை. இன்னும் ஒரு நொடி தள்ளியது. பேச்சை முடித்த பிறகும் தலையாட்டிக்கொண்டே இருக்கும் உறவுக்காரர் போல.

“இதுல பெடல் சுத்துதா இல்லியான்னு மட்டுந்தான் பாக்கும்” என்றார் இம்தியாஸ். “அடுத்தது வேற. நீங்க எவ்வளவு அழுத்தறீங்கன்னு பாக்கும். அழுத்தினா அழுத்தின அளவு.”

அடுத்தது நீலம். காலை வைத்து லேசாக அழுத்தினேன். உடனே, லேசாக, வண்டி நகர்ந்தது. இன்னும் அழுத்தினேன், இன்னும் வந்தது. தூக்கினேன், நின்றது. என் காலுக்கு என்ன வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்த முதல் ஏற்றத்தை நான் ஏறிவிட்டேன். ஏறியது யார், நானா மோட்டாரா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சு என்னுடையது.

இவர் கீழே கேட்டில் நின்றபடி, “பிரேக்கப் புடிச்சா மோட்டார் கட்டாகுதா?” என்று கத்தினார்.

“ஆகுதுங்க!”

“எறக்கத்துல பாரு!”

இறக்கத்திலும் பார்த்தேன். வலது விரல்கள் சொன்ன பேச்சுக் கேட்காது என்பதால் கியர் மாற்றும் பட்டனை இம்தியாஸ் இடது பக்கத்துக்கு மாற்றித் தந்தார். சீட்டைத் தாழ்த்தினார், இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி. நீலம்தான். நிறத்துக்காக இல்லை. கொஞ்சம் நிறத்துக்காகவும்.

பிப்ரவரி 10, திங்கள்

முதல் வளைவுவரை. இவர் பின்னாலேயே நடந்து வந்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டாம் வளைவுவரை. நடந்து வந்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

கொழுந்து எடுக்கும் பெண்கள் கைதட்டினார்கள். இவர் காலில் கொப்புளம். ஊசியால் குத்தித் தண்ணீர் எடுத்தேன். என் கை ஆடுகிறது, அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலியாலா பயத்தாலா என்று கேட்டேன். இரண்டும் என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

பதினொரு டிகிரி. நாள் முழுக்க மூட்டம்.

இன்று இவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டேன். “பின்னாடி நடந்தா பழக்கமாயிருங்க. அப்பறம் தனியாப் போக எனக்கு வராது.” மூன்றாம் வளைவுவரை மட்டும் போகிறேன், அரை மணியில் வருகிறேன் என்றேன்.

மூட்டத்துக்குள் சைக்கிள் ஓட்டியதை எப்படி எழுதுவது? பத்தடிக்கு மேல் உலகம் இல்லை. அந்தப் பத்தடியும் நான் மிதித்தால்தான் பிறக்கிறது. ஒரு கல், ஒரு புல், ஒரு சில்வர் ஓக் மரத்தின் கால்வாசி. மோட்டாரின் சத்தம் தேனீ தூங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. முகத்தில் ஈரம். உடம்பே இல்லாத மாதிரி இருந்தது, ஆனால் உடம்பின் ஒவ்வொரு பாகமும் சந்தோஷமாக இருந்தது. இரண்டும் எப்படிச் சேர்ந்து இருந்தன என்று தெரியவில்லை.

மூன்றாம் வளைவில் சாலையோரமாக ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. சத்தமில்லாத வண்டி என்பதால் நான் வந்தது அதற்குத் தெரியவில்லை. பதினைந்தடி. வெள்ளைக் காலுறை போட்ட கால்கள். பிரேக்கைப் பிடித்தேன், பாதம் பதித்தேன். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அதுவும் நகரவில்லை, நானும் நகரவில்லை. நகர முடியாமல் நிற்பவர்கள் இந்த மலையில் நான் மட்டும் இல்லை என்று நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அது நிதானமாகத் தேயிலைக்குள் இறங்கி மூட்டமாகிவிட்டது.

வீடு திரும்ப ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காட்டெருமையைப் பற்றிச் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

மூன்றரைக் கிலோமீட்டர். பேட்டரி பாதிக்குமேல் மிச்சம். காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு கிளம்பினால் கால்கள் நன்றாக இருக்கின்றன. ஒரு மணி நேரம் நன்றாக இருக்கின்றன. முன்பு இரண்டு மணி நேரம் இருந்தன. கூட்டிக் கழிக்க இன்று மனமில்லை.

மார்ச் 2, ஞாயிறு

எதிர்பாராத மழை. பதினெட்டு மில்லிமீட்டர், என் பழைய குவளையில் அளந்தேன். ஜீப் ரோடு சேறு. போகவில்லை.

மதியம் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது நின்றுவிட்டேன். மஞ்சள் கோடு இருந்தும் நின்றுவிட்டேன். இவர் அறையில் படித்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. சுவரைப் பிடித்து வந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. மூன்று நிமிடம் இருக்கலாம். பத்தும் இருக்கலாம்.

மார்ச் 5, புதன்

பிருந்தா போன் செய்தாள். அடுக்குமாடிக்காரர் பதில் கேட்கிறாராம். “ஞாயிற்றுக்கிழமை போறேன், அன்னைக்குச் சொல்றேன் கண்ணு” என்றேன். அவள் போனை வைக்கவில்லை. “எனக்கு நீங்க தோக்கணும்னு இல்லம்மா. எனக்கு நீங்க வேணும்.” எனக்கும் நான் வேண்டும். அதுதான் பிரச்சினை.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்பது டிகிரி. மழை இல்லை. மூட்டம் தேயிலைவரை, அதற்குமேல் வெளிச்சம்.

ஆறு மணிக்கு எழுந்தேன். ஆறரைக்கு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, முடி வெட்டப் போகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்கா? “ஞாயித்துக்கெழம கூட்டம் சேரறதுக்குள்ள போகோணும். நீ பின்னாடி வரக் கூடாதுன்னு சொன்னியில்ல, கேட்டுலயே நின்னுட்டிருக்கவும் எனக்கு ஆகாது” என்றார். பேட்டரியைப் பொருத்தி, டயரில் காற்றை அமுக்கிப் பார்த்து, ஹெல்மெட்டின் வாரை என் தாடைக்குக் கீழே மாட்டிப் பார்த்துக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். போய்வா என்றுகூடச் சொல்லவில்லை. கொஞ்சம் கோபமாக இருந்தது எனக்கு.

ஏழேகாலுக்கு மாத்திரை. எட்டு மணிக்குக் கிளம்பினேன்.

முதல் வளைவு, இரண்டாம் வளைவு. காட்டெருமை நின்ற இடம் காலி. பிறகு, மூன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டி, நான் இதுவரை தனியாகப் போகாத ஏற்றம். கல் உருண்டது, பின்சக்கரம் ஒரு முறை வழுக்கியது. கியரைக் குறைத்தேன், அழுத்தினேன், வண்டி என்னோடு சேர்ந்து அழுத்தியது. மூட்டத்தைவிட்டு மேலே வந்த நிமிடம் தெரிந்தது. தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கின மாதிரி. சுற்றிலும் வெயில், கீழே முழுக்க வெள்ளை. எட்டு நாற்பதுக்கு ஆனைமுதுகுப் பாறை.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். நிறுத்தாமல் அப்படியே திருப்பிக்கொண்டு வந்திருக்கலாம். போய்த் திரும்பினால் போதும் என்பதுதான் பேச்சு. ஆனால் அவ்வளவு தூரம் போய் விளிம்பில் நின்று பார்க்காமல் வருவதா? எட்டு அடி நடந்தேன். நன்றாகவே நடந்தேன். கீழே மூட்டம் அசைந்து ஓரிடத்தில் கிழிந்தது. சமவெளி தெரிந்தது, அதில் ஒரு குளம், நகம் அளவு. யாரோ அங்கே காலை டீ குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு யார்மேலும் எந்தக் குறையும் இல்லை என்றும் நினைத்தேன். அப்படியொரு காலை.

திரும்பினேன். திரும்பியது உடம்பு மட்டும். கால்கள் ஒட்டிக்கொண்டன.

சைக்கிள் எட்டு அடியில் நிற்கிறது. வெறும் பாறை. கோடு இல்லை, கம்பி இல்லை, சுவர் இல்லை. தூக்கு, தூக்கு என்று சொல்கிறேன், முழங்கால்தான் நடுங்குகிறது. போன் சைக்கிள் பையில் இருக்கிறது. பின்னால் ஆறு அடியில் விளிம்பு. விழுந்தால் முன்னால் விழ வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பயந்தேன். நன்றாகவே பயந்தேன். அந்தத் தரைத்தள வீட்டின் எஃகுக் கம்பி ஞாபகம் வந்தது. அதைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. யாராவது வாங்களேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். யாரும் வரவில்லை.

அழுதேன். பிறகு அழுகை நின்றது. கால்களை நடக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கச் சொன்னேன். பாதத்துக்குக் கீழே பெடல் இருக்கிறது, இடது இறங்குகிறது, வலது மேலே வந்தாக வேண்டும், வராமல் எங்கே போகும்? வலது எழும்பியது. எழும்பிய காலை முன்னால் வைத்தேன். இடது. வலது. வெறும் பாறைமேல் காற்றை மிதித்துக்கொண்டு எட்டு அடி. கை கைப்பிடியில் பட்டது. ஏறி உட்கார்ந்தேன். அப்புறம் எல்லாம் இறக்கம்தான்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பது நாற்பது. கேட் சாத்தியிருந்தது, கதவு பூட்டியிருந்தது, என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். இவர் இல்லை. மூன்று மணி நேரமா முடி வெட்டுவார்கள்? ஜெயித்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் கேட்டில் வந்து நின்றேன். பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. இத்தனை நாள் அவர் நின்ற இடம் இது என்று தெரிந்தது. நல்ல இடம் இல்லை. வளைவுக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது.

பத்தரைக்கு வந்தார். டவுன் பக்கத்திலிருந்து இல்லை, ஜீப் ரோட்டிலிருந்து. நடந்து. ஷூ முழுக்கச் செம்மண். பேன்ட்டில் முழங்கால்வரை ஒட்டுப்புல். முடி அப்படியே காதுமேல் விழுந்துகொண்டிருந்தது.

“முடி வெட்டலீங்களா?”

“கூட்டம்” என்றார்.

படியில் உட்கார வைத்தேன். எதிரில் மணையைப் போட்டு உட்கார்ந்து பேன்ட்டிலிருந்து ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அவர் தடுக்கவில்லை. தலை நிமிராமல் கேட்டேன்.

“எவ்வளவு நேரங்க நின்னேன்?”

“இருவத்திரெண்டு நிமிசம்.”

உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை.

“எங்க இருந்தீங்க?”

“பாறைக்கு இந்தப் பக்கம், சில்வர் ஓக்குக்குப் பின்னாடி. நாப்பது அடி.”

“நான் கூப்பிட்டது கேட்டுச்சா?”

“ரெண்டு தடவையும் கேட்டுச்சு.” ஷூக் கயிற்றை அவிழ்த்தார். “மரத்தக் கட்டிப் புடிச்சுட்டு நின்னேன் ஜெகதா. நான் ஒரு அடி வந்திருந்தா நீ ஊரக் காலி பண்ணோணும். நீ பின்னாடி சாஞ்சா வந்துரலாம்னு இருந்தேன். சாயல.”

அவர் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் மரப்பட்டையின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. நான் அழுதேன். இந்தத் தடவை வேர்வை என்று சொல்லவில்லை.

போன் அடித்தது. பிருந்தா. இவர்தான் எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா? அம்மா போனாங்களா? என்னாச்சு?”

“போயிட்டு வந்துட்டா கண்ணு. விழுகல.”

“யாராவது புடிச்சாங்களா? நெசமாச் சொல்லுங்கப்பா. உங்களுக்குப் பொய் வராது.”

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மறைக்கத் தெரியாத மனிதர் என்று முன்பு எழுதியது நான்தான்.

“யாரும் தொடல” என்றார். குரல் தெளிவாக இருந்தது. போனைப் பிடித்திருந்த கை மட்டும், என் கை ஆடுவதைவிட அதிகமாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.